வண்ணம் நுழையும் வழி

வாசலில் கோலமிடுவதற்குக் கடைகளில் அச்சுத் தட்டு ஒன்று விற்கிறார்கள். பூ வடிவிலோ மயில் வடிவிலோ துளைகள் இட்ட தட்டு அது. அதைத் தரையில் வைத்துக் கோலமாவைத் தூவி எடுத்தால் கோடுகள் கூர்மையாக விழுந்திருக்கும். அதே தட்டை வைத்து, உலர்ந்த மாவுக்குப் பதிலாக அரிசியை அரைத்துக் கரைத்த மாவை ஊற்றி எடுத்துப் பாருங்கள். பூவும் இராது, மயிலும் இராது. கரைத்த மாவு தட்டின் அடியில் புகுந்து பரவி, வெள்ளைத் திட்டு ஒன்றுதான் மிஞ்சும்.

தட்டு அதேதான், துளைகளும் அவையேதான். உலர்ந்திருந்தபோது நுழையாத இடத்தில், நீர்மமானவுடன் மாவு நுழைந்துவிட்டது. இதன் காரணம் யாது?

இக்கேள்வியை நாள்தோறும் எதிர்கொள்பவர்கள் மோட்டார் சைக்கிளுக்கு எழுத்துத் தீட்டும் பெயிண்டர்கள். இந்தியாவில் 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு எண் பலகை கட்டாயமாக்கப்பட்டது. கையால் எண் எழுதும் வேலை அதனால் குறைந்தது. ஆயினும் பழைய புல்லட்டையும் ஜாவாவையும் ராஜ்தூத்தையும் புதுப்பிப்பவர்கள், பெட்ரோல் டேங்க்கிலும் டூல் பாக்ஸிலும் மட்கார்டிலும் பெயர் தீட்டுவதை விடவில்லை. கருப்பு டேங்க்கின்மேல் பொன்னிற எழுத்து. அதன் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் கசிவு. அவ்வளவுதான், நாள் முழுதும் செய்த வேலை வீண். உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இக்கசிவைத் தடுக்கப் பெயிண்டர்கள் சில விதிகளை வைத்திருக்கிறார்கள். எவரும் அவற்றைப் புத்தகத்தில் படித்து அறிந்ததில்லை. கை வழியாகவும் கண் வழியாகவும் வந்தவை. ஆனால் ஒவ்வொரு விதிக்குள்ளும், நம் கல்லூரிப் பாடநூல்களில் வரும் ஓர் இயற்பியல் விதி ஒளிந்திருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பழமையான கலை

வண்ணம் படக்கூடாத இடத்தை மறைத்துவிட்டு மற்ற இடத்தில் வண்ணம் தூவுவது மிகப் பழைய உத்தி. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் மாரோஸ் என்ற இடத்துக் குகைகளில் மனிதக் கைகளின் உருவங்கள் இருக்கின்றன. கையைப் பாறைமேல் வைத்து, அதைச் சுற்றிச் செங்காவி வண்ணத்தைத் தூவிக் கையை எடுத்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றின் வயது 39,900 ஆண்டுகளுக்குக் குறையாது என்று 2014இல் ஆய்வாளர்கள் கணித்தார்கள். அங்கே மறைப்பு, கை. இன்றைய பட்டறையில் மறைப்பு, தாளும் ஒட்டுநாடாவும். உத்தி ஒன்றே.

மறைப்பில் இருவகை உண்டு. தாளிலோ மெல்லிய தகட்டிலோ எழுத்தின் வடிவை வெட்டி எடுத்துவிட்டு, அத்துளை வழியாக வண்ணம் தீட்டுவது ஒன்று, இதுவே ஸ்டென்சில். எழுத்தின் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, மற்றப் பகுதியைச் செய்தித்தாளால் மூடிவிட்டு வண்ணம் தூவுவது மற்றொன்று.

தீவுகளும் பாலங்களும்

ஸ்டென்சில் வெட்டும்போதே முதல் சிக்கல் எழுகிறது. ஆங்கில 'ஓ' எழுத்தை வெட்டினால் அதன் நடுவே உள்ள வட்டம் பிடிப்பின்றிக் கீழே விழுந்துவிடும். அது நாற்புறமும் துளையால் சூழப்பட்ட தீவு. அதைக் கரையோடு இணைக்க இரண்டு மெல்லிய பாலங்களை வெட்டாமல் விடவேண்டும். பெட்டிகளிலும் மூட்டைகளிலும் காணும் ஸ்டென்சில் எழுத்துகளில் இடையிடையே வெட்டுப்பட்டதுபோல் தெரியும் இடங்கள் இப்பாலங்களின் தடங்களே.

எல்லா எழுத்துக்கும் தீவு இல்லை. புல்லட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகள் ஆறில் முதலெழுத்தாகிய 'பி' ஒன்றில்தான் தீவுகள் உண்டு. யெஸ்டியில் 'டி' ஒன்றில் மட்டும். ராஜ்தூத் என்பதன் ஏழு ஆங்கில எழுத்துகளிலோ ஐந்தில் தீவு இருக்கிறது. தமிழில் ட, ப, ர ஆகியவற்றை அப்படியே வெட்டிவிடலாம். க, ம, அ ஆகியவற்றுக்குப் பாலம் தேவை. புள்ளிக்குப் பாலம் வேண்டியதில்லை. அது தனியாக ஒரு துளை, அவ்வளவே.

நுட்பமாக வேலை செய்பவர்கள் பாலமே இல்லாமல் முடிக்கிறார்கள். பின்புறம் பசையுள்ள வினைல் தாளில் எழுத்தை வெட்டி, அதன் முகத்தில் வேறொரு ஒட்டுத்தாளை ஒட்டி மொத்தமாகத் தூக்குவார்கள். தீவும் கரையும் இருந்த இடம் மாறாமல் டேங்க்கின்மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு மேல்தாளை மட்டும் உரித்துவிடலாம்.

தட்டைத் தாளும் வளைந்த டேங்க்கும்

இரண்டாவது சிக்கல் வடிவியலைச் சார்ந்தது. ஒரு தாளைச் சைலன்சர் குழாயைச் சுற்றி ஒட்டுங்கள், சுருக்கமின்றிப் படியும். அதே தாளை ஒரு குடத்தின் வயிற்றில் ஒட்ட முயலுங்கள். ஓரிடம் படிந்தால் மறு இடம் தூக்கும், ஓரங்களில் சுருக்கம் விழும். குழாய் ஒரு திசையில் மட்டுமே வளைந்தது. குடம் இரு திசைகளிலும் வளைந்தது. இரு திசையிலும் ஒரே பக்கமாக வளைந்த பரப்பின்மேல், தட்டையான தாளை இழுக்காமலும் சுருக்காமலும் படியவைக்க இயலாது. இதை ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827இல் நிறுவினார். பெட்ரோல் டேங்க் குடத்தின் இனத்தைச் சேர்ந்தது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டேங்க்கின் பக்கம் 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள கோளத்தின் ஒரு பகுதிபோல் வளைந்திருப்பதாகக் கொள்வோம். 6 சென்டிமீட்டர் அகலமுள்ள வளையாத ஸ்டென்சில் தகட்டை அதன்மேல் வைக்கிறோம். தகடு நடுவில் தொடும். ஓரத்தில் எவ்வளவு இடைவெளி இருக்கும்? அரை அகலத்தின் வர்க்கத்தை ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் விடை கிடைக்கும். 30 மில்லிமீட்டரின் வர்க்கம் 900. அதை 600ஆல் வகுத்தால் 1.5 மில்லிமீட்டர். தூவும் வண்ணம் நேராக உள்ளே பறந்து புகுவதற்குப் போதிய வாசல் இது. அப்படிப் புகுந்தால் எழுத்தின் ஓரம் புகைபடிந்ததுபோல் மங்கலாக இருக்கும்.

இப்போது தகட்டுக்குப் பதிலாக 6 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒட்டுநாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். அரை அகலம் 3 மில்லிமீட்டர், வர்க்கம் 9, 600ஆல் வகுத்தால் 0.015 மில்லிமீட்டர். அகலம் பத்தில் ஒரு பங்கானதும் இடைவெளி நூறில் ஒரு பங்காகிவிட்டது. மென்மையான பசை இந்த இடைவெளியை எளிதில் நிரப்பிக்கொள்ளும். வளைந்த இடத்தில் அகலமான நாடாவை ஒட்டாமல் குறுகிய நாடாவால் எழுத்தின் ஓரத்தை முதலில் வரைந்துகொள்ளும் பழக்கத்துக்கு இதுவே காரணம்.

குறுகிய இடைவெளியே கொடியது

இடைவெளி சிறிதானால் கசிவும் சிறிதாகும் என்றுதான் நமக்குத் தோன்றும். அது முழு உண்மையன்று. நாடாவின் ஓரத்தில் ஒரு தூசித் துகள் சிக்கியோ சரியாக அழுத்தாமலோ 20 மைக்ரோ மீட்டர் இடைவெளி விட்டுப்போனதாகக் கொள்வோம். தலைமயிரின் பருமனில் இது மூன்றில் ஒரு பங்குகூட இராது, கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் பெயிண்டுக்கு இது நெடுஞ்சாலை.

மெல்லிய கண்ணாடிக் குழலை நீரில் நிறுத்தினால் நீர் தானே மேலேறுவதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கண்டிருப்பீர்கள். நீர் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ளது ஓரினக் கவர்ச்சி. நீருக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ளது வேற்றினக் கவர்ச்சி. பின்னது வலிமையாக இருந்தால் நீர்மம் சுவரை நனைத்து முன்னேறும். அதன் பரப்பு இழுவிசை பின்னாலுள்ள நீர்மத்தை இழுத்துக்கொண்டு வரும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே நுண்புழைத் தன்மையால்தான். நாடாவுக்கும் டேங்க்குக்கும் நடுவே உள்ள இடுக்கு, தட்டையாக நசுக்கப்பட்ட நுண்புழைதான்.

இந்த இழுப்பு எவ்வளவு? பெயிண்டின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறக்குறைய 0.03 நியூட்டன். அதை இரண்டால் பெருக்கி இடைவெளியால் வகுத்தால் உறிஞ்சும் அழுத்தம் கிடைக்கும். 20 மைக்ரோ மீட்டர் இடைவெளிக்கு இது 3000 பாஸ்கல். அதாவது 30 சென்டிமீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். டேங்க்கின்மேல் படிந்துள்ள பெயிண்டுப் படலமோ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கனமே உடையது. அதன் எடையால் உண்டாகும் அழுத்தம் அரைப் பாஸ்கல்கூட ஆகுமா என்பது ஐயமே. எனவே டேங்க்கைப் படுக்கவைத்தாலும் நிமிர்த்திவைத்தாலும் கசிவு நிற்காது. புவியீர்ப்பு இங்கே பார்வையாளர் மட்டுமே.

எவ்வளவு விரைவாகப் புகும்? நுண்புழைக்குள் நீர்மம் செல்லும் வேகத்தை லூக்கஸ் 1918இலும் வாஷ்பர்ன் 1921இலும் கணித்துக் காட்டினார்கள். புகுந்த தூரத்தின் வர்க்கம் பரப்பு இழுவிசை, இடைவெளி, நேரம் ஆகிய மூன்றுக்கும் நேர்விகிதத்திலும், பாகுத்தன்மைக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். தின்னர் கலந்த பெயிண்டின் பாகுத்தன்மை நீரைப்போல் 50 மடங்கு என்று கொண்டால், 20 மைக்ரோ மீட்டர் இடுக்கில் அது ஒரே விநாடியில் சுமார் 2 மில்லிமீட்டர் போய்விடும். எழுத்துக் கோட்டின் அகலமே 5 மில்லிமீட்டர் என்றால், இது எவ்வளவு பெரிய அழிவு என்பதை எண்ணிப் பாருங்கள். இடைவெளியைக் கால்பங்காக, அதாவது 5 மைக்ரோ மீட்டராகக் குறைத்தாலும் தூரம் பாதியாகத்தான் குறையும். இன்னும் 1 மில்லிமீட்டர் புகும்.

அப்படியானால் திறந்த பரப்பில் பெயிண்ட் ஏன் இப்படி ஓடுவதில்லை? சென்னைத் திருவொற்றியூரில் என்பீல்டு நிறுவனம் 1950களில் தொழிற்சாலை அமைத்தது. அந்நிறுவனத்தின் புல்லட் டேங்க்குகளில் உள்ள மெல்லிய பொன்னிறக் கோடுகள் பல பத்தாண்டுகளாக மறைப்பு ஏதுமின்றித் தூரிகையால் தீட்டப்பட்டு வந்தவை. அக்கோடுகளின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். திறந்த பரப்பில் நீர்மத்தை இழுப்பது ஒரே சுவர்; பரவப் பரவ அதன் மேற்பரப்பும் விரிய வேண்டும். ஆகவே அதன் விளிம்பு சுவரோடு தனக்குரிய சேர்கோணத்தை அடைந்ததும் நின்றுவிடும். இடுக்கிலோ இரண்டு சுவர்கள் இழுக்கின்றன. விரிய வேண்டிய மேற்பரப்பு இல்லை. சேர்கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருந்தாலே போதும், நீர்மம் போய்க்கொண்டே இருக்கும். ஆக, மறைப்பு வைத்ததால்தான் கசிவுக்கு வழி பிறந்தது! ஓரத்தைக் காப்பதற்காக நாம் வைக்கும் பொருளே ஓரத்தைக் கெடுக்கும் வாய்ப்பையும் கொண்டுவருகிறது. தேர்ந்த கை இல்லாத நம் போன்றோர்க்கு மறைப்பு வேண்டும். மறைப்பு வேண்டுமென்றால் இடுக்கை ஆளத் தெரியவேண்டும்.

ஒட்டுநாடா பிறந்த கதை

மாஸ்கிங் டேப் பிறந்ததும் வண்டிக்கு வண்ணம் பூசும் பட்டறையில்தான். 1920களில் அமெரிக்காவில் இரு நிறக் கார்கள் நாகரிகமாயின. ஒரு நிறம் பூசி, அதை மறைத்து, மற்ற நிறம் பூசவேண்டும். அப்போதிருந்த ஒட்டுத்தாள்கள் கடும் பசை உடையவை. உரித்தால் கீழிருந்த வண்ணமும் சேர்ந்து உரிந்து வந்தது. உப்புத்தாள் தயாரித்து வந்த 3எம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடப் பணியாளர் ரிச்சர்ட் ட்ரூ, புதிய உப்புத்தாளைச் சோதித்துப் பார்ப்பதற்காகச் செயின்ட் பால் நகரப் பட்டறை ஒன்றுக்குப் போனார். பெயிண்டர்கள் எரிச்சலுடன் திட்டுவதைக் கேட்டார். உறுதியாக ஒட்டவும் வேண்டும், தடமின்றி உரியவும் வேண்டும். அப்படியொரு நாடாவைச் செய்து தருகிறேன் என்றார். மரவேலைப் பசையைக் கிளிசரினால் இளக்கி, சுருக்கம் வைத்த கிரேப் தாளில் தடவி 1925இல் அதைச் செய்தும் காட்டினார். பொறியியல் படிப்பை முடிக்காத இளைஞர் அவர். சுருக்கத்தாளைத் தேர்ந்ததில் ஒரு நுட்பம் உண்டு. சுருக்கம் விரிந்துகொடுப்பதால் நாடா வளைவுகளில் படிகிறது. காஸ் விதித்த தடையை 'இழுத்துக்கொண்டு' தாண்டுகிறது.

இத்தகைய பசை எப்படி ஒட்டுகிறது? மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள வான் டெர் வால்ஸ் விசை, அவை மிக மிக நெருங்கினால்தான் வேலை செய்யும். ஆகவே பசை திண்மம்போல் விறைப்பாக இருந்தால் பரப்பின் மேடுபள்ளங்களுக்குள் இறங்காது, ஒட்டாது. நீர்மம்போல் இருந்தால் ஒட்டும், ஆனால் தாங்காது. இரண்டுக்கும் இடைப்பட்ட இளகிய திண்மமாக இருக்கவேண்டும். அது மெல்லப் பாய்ந்து பள்ளங்களை நிரப்ப நேரமும் அழுத்தமும் தேவை. நாடாவை ஒட்டியபின் அதன் ஓரத்தை மட்டும் நகத்தாலோ மரக்கட்டையாலோ ஒருமுறை அழுத்தித் தேய்க்கிறார்களே, அதன் பொருள் இதுவே.

பெயிண்டரின் விதிகள்

முதல் விதி: "முதல் பூச்சு ஈரமாக விழக்கூடாது." ஸ்பிரே கன்னைச் சற்றுத் தள்ளிப் பிடித்து மெல்லிய தூவலாக முதலில் அடிக்கச் சொல்வார்கள். துளிகள் பறந்து வரும்போதே தின்னரில் ஒரு பகுதி ஆவியாகிவிடுகிறது; பாகுத்தன்மை பன்மடங்கு கூடுகிறது. அது 100 மடங்கு கூடினால், மேலே கண்ட விதிப்படி, புகும் தூரம் பத்தில் ஒன்றாகக் குறையும். 2 மில்லிமீட்டர் 0.2 ஆகும். மேலும், தனித்தனியாக விழுந்த துளிகள் ஒன்றோடொன்று சேராததால் இடுக்குக்கு ஊட்டமும் கிடைப்பதில்லை. சுருங்கச் சொன்னால், பெயிண்டைக் கோலமாவின் நிலைக்கு அருகில் கொண்டுபோவதே இவ்விதி. அந்த மெல்லிய பூச்சு காய்ந்ததும் இடுக்கின் வாயில் ஒரு தடுப்பு உருவாகிவிடும். அதன்பின் வழக்கமான பூச்சு.

இரண்டாம் விதி: "நேராக அடி, சாய்த்து அடிக்காதே." சாய்வாக வரும் காற்று, துளிகளை நாடாவின் அடிக்குத் தள்ளும். தூரிகை கொண்டு ஸ்டென்சிலில் தீட்டுவோர், பெயிண்டை மிகக் குறைவாகத் தொட்டுக்கொண்டு நிமிர்த்திப் பிடித்த தூரிகையால் குத்துவதும், இழுத்துப் பூசாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

மூன்றாம் விதி எனக்கு மிகவும் பிடித்தது. கருப்பு டேங்க்கில் பொன்னிற எழுத்துத் தீட்டவேண்டும் என்றால், நாடா ஒட்டியபின் பொன்னிறத்தை அடிக்காமல், அதே கருப்பை ஒருமுறை மெல்ல நாடாவின் ஓரத்தில் அடிப்பார்கள். முதலில் பார்ப்பவருக்கு இது வீண் வேலையாகத் தோன்றும். உண்மையில் அந்தக் கருப்பு இடுக்குகளில் புகுந்து, அங்கேயே உலர்ந்து, அவற்றை அடைத்துவிடுகிறது. கசிந்தது கருப்பு, கசிந்த இடமும் கருப்பு, ஆகையால் கண்ணுக்குத் தெரியாது. பிறகு பொன்னிறம் அடித்தால் புகுவதற்கு வழியில்லை. இடுக்கே இல்லாமல் ஒட்ட எவராலும் முடியாது. வண்ணம் நுழைவது உறுதி என்றால், நுழையும் வண்ணம் எது என்பதை நாம் முடிவு செய்துகொள்ளலாம் அன்றோ! நுண்புழைத் தன்மையை எதிர்த்துப் போராடாமல், அதையே வேலைக்கு அமர்த்திக்கொள்ளும் உத்தி இது. நிறமற்ற வார்னிஷ் அடித்து ஓரத்தை அடைப்பதும் இதன் மற்றொரு வடிவம்.

நான்காம் விதி: "முழுதும் காயுமுன் நாடாவை எடு; மடக்கி இழு." பெயிண்டுப் படலம் டேங்க்கிலிருந்து நாடாவின்மேலும் தொடர்ந்து படிந்திருக்கிறது. நன்றாகக் காய்ந்து இறுகிவிட்டால், நாடாவோடு சேர்ந்து பல்பல்லாகக் கிழியும். ஓடாத அளவுக்கு இறுகி, கிழியாமல் அறுபடும் அளவுக்கு இளகியிருக்கும் நேரமே எடுப்பதற்கு உகந்த நேரம். இனி, இழுக்கும் கோணம். நாடாவை உரிக்கத் தேவையான விசையை ரிவ்லின் 1944இல் கணித்தார். ஒட்டு ஆற்றலையும் நாடாவின் அகலத்தையும் பெருக்கி, ஒன்றிலிருந்து இழுக்கும் கோணத்தின் கொசைனைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் அவ்விசை கிடைக்கும். பரப்போடு 30 பாகைக் கோணத்தில் முன்னோக்கி இழுத்தால் வகுக்கும் எண் 0.134, நாடாவை அதன் மேலேயே மடக்கிப் பின்னோக்கி இழுத்தால், அதாவது 180 பாகையில், அது 2. விசையில் 15 மடங்கு வேறுபாடு! மடக்கி இழுக்கும்போது நாடா மிகக் குறைந்த விசையில் வருகிறது. கீழுள்ள வண்ணத்துக்குச் சேதம் இல்லை. மெதுவாக இழுக்கவும் வேண்டும். பசை பாகுபோன்றது ஆதலால், வெடுக்கென்று இழுத்தால் அது விறைத்துக்கொண்டு வலுவாகப் பற்றும்.

எண்ணெய்க் கறையும் மழைக்காலமும்

மறைப்பு சரியாக இருந்தும் எழுத்துக் கெடுவது உண்டு. டேங்க்கில் முன்பு தடவிய சிலிக்கோன் பாலிஷின் சிறு துளி எங்கேனும் தங்கியிருந்தால், பெயிண்ட் அந்த இடத்தை விட்டு விலகி, வட்டமான குழி விழும். மீன்கண் என்று இதைச் சொல்வார்கள். சிலிக்கோன் எண்ணெயின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.021 நியூட்டன், பெயிண்டுக்கு 0.03. இழுவிசை குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்தை நோக்கி மேற்பரப்பு இழுக்கப்படுகிறது. கயிறு இழுக்கும் போட்டியில் வலுக்குறைந்த அணி தோற்பதுபோல்தான் இது. ஆகவே எழுத்து வேலையில் துடைப்பது பாதி வேலை.

மற்றொன்று மழைக்காலச் சிக்கல். என்.சி. பெயிண்ட் எனப்படும் நைட்ரோ செல்லுலோஸ் வகை மிக விரைவில் காயும். 1923இல் அமெரிக்க டூபாண்ட் நிறுவனம் டூக்கோ என்ற பெயரில் இவ்வகையை வெளியிட்டது. அப்பெயரே நம் பட்டறைகளிலும் வழங்கலாயிற்று. ஈரப்பதம் மிகுந்த நாளில் இதை அடித்தால் கருப்பு எழுத்தில் வெண்மூட்டம் படியும். மண்பானை நீர் குளிர்வது ஏன் என்று நீங்கள் அறிவீர்கள். ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. தின்னரும் அதையே செய்கிறது. அதிவிரைவாக ஆவியாவதால் பெயிண்டின் மேற்பரப்பு பனிநிலைக்கும் கீழே குளிர்ந்து, காற்றிலுள்ள நீராவி அதன்மேல் நீராகப் படிகிறது. கடற்கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலப்பதும், காலைப் பொழுதை விட்டு உச்சி வேளையில் அடிப்பதும் இதனால்தான்.

மூச்சையும் காக்கவேண்டும்

எழுத்தின் ஓரத்தைக் காக்க இத்தனை முயற்சி எடுக்கும் கைகள், தம் நுரையீரலைக் காக்க மறந்துவிடுகின்றன. இதை வற்புறுத்திச் சொல்லியாக வேண்டும். ஹார்டனர் கலந்து அடிக்கும் இன்றைய டூ-கே பெயிண்டுகள் பலவற்றில் ஐசோசயனேட் என்ற சேர்மங்கள் உள்ளன. இவற்றின் தூவலைச் சுவாசிப்பதால் ஆஸ்துமா வரும். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவும் மூச்சுத் திணறலை உண்டாக்கும். முகத்தில் கட்டும் கைக்குட்டை துகள்களில் சிலவற்றைத் தடுக்கலாம், ஆவியைத் தடுக்காது. கரியுறை பொருத்திய சுவாசக் கவசமே ஓரளவு காக்கும். டூ-கே பெயிண்டுக்கு வெளியிலிருந்து தூய காற்று ஊட்டும் கவசமே தக்கது. தொடர்ந்து இவ்வேலை செய்யும் ஒருவருக்கு நல்ல கவசத்தின் விலை பெரிதல்ல.

தீயும் அருகில்தான் இருக்கிறது. தின்னரின் ஆவி சாதாரண வெப்பநிலையிலேயே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் காலிசெய்த டேங்க்கிலும் ஆவி இருக்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு பெட்ரோல் ஆவி இருந்தாலே பொறி பட்டு வெடிக்கும். வண்டியிலிருந்து டேங்க்கைக் கழற்றி, கழுவிக் காயவைத்து, வாயை அடைத்து, திறந்த வெளியில் வேலை செய்வதே அறிவுடைமை.

செய்து பாருங்கள்

மாணவர்களுக்கு இரண்டு சோதனைகள். முதலாவது: இரு கண்ணாடித் துண்டுகளை ஒரு பக்க ஓரத்தில் ஒட்டியபடியும், மறுபக்க ஓரத்தில் ஒரு தீக்குச்சியால் விலகியபடியும் வைத்து ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். மை கலந்த நீரில் செங்குத்தாக நிறுத்துங்கள். குச்சிப் பக்கம் நீர் சிறிதே ஏறும்; இரண்டும் நெருங்கும் பக்கம் உயர உயர ஏறி, ஓர் அழகிய வளைகோட்டை வரையும். அக்கோடு அதிபரவளையம். இடுக்கு குறுகக் குறுக இழுப்பு மிகும் என்பதை அது ஒரே படத்தில் சொல்லிவிடும்.

இரண்டாவது: பழைய தகர டப்பா மூடி ஒன்றைத் துடைத்துக் கருப்பு பெயிண்ட் பூசி நன்றாகக் காயவையுங்கள். அதன்மேல் மாஸ்கிங் டேப்பை மூன்று இடங்களில் ஒட்டுங்கள். ஒன்றை விரலால் இலேசாகத் தடவுங்கள். இரண்டாவதன் ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்யுங்கள். மூன்றாவதையும் அவ்வாறே தேய்த்து, ஓரத்தில் கருப்பை மெல்லப் பூசி உலரவிடுங்கள். பிறகு மூன்றின்மேலும் மஞ்சள் பெயிண்ட் பூசி, அரைகுறையாகக் காய்ந்ததும் நாடாக்களை மடக்கி உரித்துப் பாருங்கள். மூன்று ஓரங்களையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒப்பிடுங்கள். எது எவ்வளவு கசிந்தது என்று அளவுகோல் வைத்து எழுதிவையுங்கள்.

அடுத்த முறை ஒரு பட்டறையைக் கடக்கும்போது சற்று நின்று பாருங்கள். டேங்க்கின்மேல் நாடா ஒட்டி, நகத்தால் ஓரத்தைத் தேய்த்து, கருப்பின்மேல் மறுபடியும் கருப்பை அடிக்கும் ஒருவரைக் காணலாம். ஏன் என்று அவரைக் கேளுங்கள். பரப்பு இழுவிசை, நுண்புழைத் தன்மை என்ற சொற்களை அவர் சொல்லமாட்டார். "இல்லாட்டி உள்ளே இழுத்துக்கும்" என்பார். விடை சரியே, முழு மதிப்பெண் தரலாம்.